207-க்கு ஒரு டீசல் டேங்க்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் போய் "டாடா 207-க்கு டீசல் டேங்க் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொல்கிற கடையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். டவுன் ஹால் பக்கம் ஆரம்பித்து மினர்வா சர்க்கிள் வரை நடந்தால் எல்லோரிடமும் இருக்கும். இல்லாதவரும் "அஞ்சு நிமிஷம் உக்காருங்க சார்" என்று நாற்காலியைக் காட்டிவிட்டுப் பையனை அடுத்த சந்துக்கு அனுப்புவார். பழைய பிக்கப்புக்கு டேங்க் வாங்குவது இவ்வளவு சுலபம். வாங்கியது வண்டியில் உட்காருமா, உட்கார்ந்தாலும் வேலை செய்யுமா என்பது வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்ட பிறகுதான் தெரியும்.

வண்டி என் மாமாவுடையது. அல்சூரில் இருக்கிறார், ஓசூர்ப் பக்கத்துப் பூவையும் காய்கறியையும் விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட்டில் இறக்குவது அவர் பிழைப்பு. வண்டியைச் செகண்ட் ஹேண்டாக ஓசூரில் வாங்கி, தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) எடுத்து, கர்நாடகப் பதிவுக்கு மாற்றியிருந்தார். இந்த விவரம் பின்னால் வேண்டும், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். ரெஜிஸ்ட்ரேஷன் 2009. எஞ்சின் இன்னும் நன்றாக இழுக்கிறது. பாடி இரண்டு முறை டிங்கரிங் பார்த்தது. டேங்க்கை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை, அது ஒழுகும் வரைக்கும்.

ஒழுகிய இடம் பட்டைக்கு அடியில். சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின் ஓரத்தில் டேங்க்கைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புப் பட்டைக்கும் டேங்க் தகட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் துண்டு இருக்க வேண்டும். எப்போதோ யாரோ டேங்க்கை இறக்கி ஏற்றியபோது அந்த ரப்பர் போய்விட்டது. அதற்குப் பதில் பழைய டியூபை வெட்டி வைத்திருந்தார்கள், அதுவும் நைந்து மடிந்து, மழைத் தண்ணீரையும் சேற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும் பையாக மாறிவிட்டது. இரும்பு ஈரத்தில் ஊறிக்கொண்டே இருக்கும், அதன்மேல் பட்டை உரசிக்கொண்டே இருக்கும். பெயின்ட் முதலில் போகும், அப்புறம் தகடு. இதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இத்தனை வருஷம் தாங்கியதே பெரிய விஷயம். உங்கள் வண்டியிலும் டேங்க் ஓட்டையாகும் என்றால் முதலில் பட்டை உட்காரும் கோட்டில்தான் ஆகும். ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

ஒழுகலை நிறுத்த மஞ்சள் பார் சோப்பைத் தேய்ப்பது எல்லா டிரைவருக்கும் தெரியும். சோப்பு டீசலில் கரையாது, அதனால் சந்தில் புகுந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், அதனால் மழை வரும்வரைதான் அதற்கு ஆயுள். மாமா சோப்பிலிருந்து எம்-சீல் பசைக்குப் போனார். எம்-சீல் பிடிக்க வேண்டுமானால் தகடு காய்ந்து, டீசல் பிசுக்கு இல்லாமல், பளிச்சென்று இருக்க வேண்டும். ஒழுகிக்கொண்டிருக்கும் டேங்க்கில் அது எப்படி நடக்கும்? ஓரத்தில் வியர்த்துக்கொண்டே இருந்தது.

அடுத்து வெல்டிங் பேச்சு வந்தது. "டீசல்தானே மாப்ளே, பெட்ரோலா என்ன" என்றார் மாமா. இந்த ஒரு வாக்கியத்தை நம்பி எத்தனை பட்டறையில் எத்தனை பேர் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா என்று கேட்டேன். கை சுட்டால் பரவாயில்லை, உயிர் போகும். நம் நாட்டில் விற்கும் டீசலின் தீப்பற்று நிலை (நெருப்பு காட்டினால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும் சூடு) குறைந்தபட்சம் 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும் என்பது ஐ.எஸ். 1460 தரவிதி. அந்தச் சூட்டை ஏப்ரல் மாதத்தில் பெங்களூருவே தொட்டுவிடும். வெல்டிங் சுடர் படும் தகட்டின் சூட்டைச் சொல்லவே வேண்டாம். இன்னொன்று, நிறைய டீசல் இருக்கும் டேங்க்கைவிடக் காலி செய்த டேங்க்தான் ஆபத்தானது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் டீசல் சூட்டில் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து நிற்கும். மூடிய டப்பாவுக்குள் அது பற்றினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கொதிநீரில் அலசி, தண்ணீர் நிரப்பி, ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் மேலே வைத்துப் பற்றவைக்கும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஓட்டைக்குப் பக்கத்துத் தகடு கெட்டியாக இருந்தால்தான் செய்வார்கள். எங்கள் டேங்க்கில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டினால் 'டங்' என்று கேட்கவில்லை, 'தொப்' என்று கேட்டது. அந்தச் சத்தத்தோடு ரிப்பேர் பேச்சு முடிந்தது.

டேங்க்கை இறக்கினோம். என் கருத்தில் முழுத் தேடலிலும் முக்கியமான முடிவு இதுதான். பழைய டேங்க்கை இறக்கிக் கையில் வைத்துக்கொள்ளாமல் புது டேங்க் தேடப் போகாதீர்கள். வண்டி ஓடவேண்டுமே, தொழில் நிற்குமே என்று மாமா தயங்கினார். "ஃபோட்டோ எடுத்துக்கோ, போதும்" என்றார். ஃபோட்டோவில் அளவு தெரியாது. கழுத்து எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதும் தெரியாது, பின்பக்கம் இருக்கும் குழாய் வாயும் தெரியாது. பூ வியாபாரத்துக்கு வேறொருவரின் வண்டியை வாடகைக்குப் பேசிக் கொடுத்துவிட்டுத்தான் ஜாக்கியைத் தொட்டோம்.

இறக்கிய டேங்க்கைத் திருப்பித் திருப்பி அளந்தேன். நீளம், அகலம், உயரம் எல்லோரும் அளப்பார்கள். அதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. சென்டிமீட்டரில் மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். உதாரணத்துக்கு 70, 36, 25 என்று வைத்துக்கொண்டால் 63 லிட்டர் வரும். உண்மையில் பிடிப்பது அதைவிடக் குறைவாக இருக்கும். மூலைகள் வளைந்திருக்கும், சூட்டில் டீசல் விரிய மேலே கொஞ்சம் இடமும் விட்டிருப்பார்கள். கடைக்காரர்கள் டேங்க்கை லிட்டர் சொல்லித்தான் விற்கிறார்கள். நான் இதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். அஞ்சு லிட்டர் கூடக் குறைய இருந்தால் உலகம் அழியாது. பட்டை உட்காரும் பள்ளம் ஓர் அங்குலம் தள்ளியிருந்தால் டேங்க் வண்டியில் ஏறவே ஏறாது.

ஆகவே நான் நோட்டில் எழுதியவை வேறு. இரண்டு பட்டைக்கும் நடுவே உள்ள தூரம். நிரப்பும் கழுத்து எந்தப் பக்கம், எத்தனை சாய்வு, வாயின் விட்டம், மூடி திருகு வகையா காது வகையா. மேலே எத்தனை குழாய் வாய், ஒவ்வொன்றின் தடிமன். டீசல் அளவை மீட்டருக்குச் சொல்லும் மிதவை, அதாவது ஃப்ளோட், உட்காரும் துளையின் விட்டம், அதைச் சுற்றியுள்ள திருகுகள். இந்தத் திருகுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. பல டேங்க்குகளில் ஐந்து திருகு இருக்கும், அவற்றின் இடைவெளி சமமாக இருக்காது. ஃப்ளோட்டைத் தப்பான பக்கம் திருப்பி மாட்டிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருப்பார்கள். திருகு எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறது என்று வாங்கிவந்து, ஒரு திருகு மட்டும் உட்காராமல் நிற்பவர்கள் உண்டு. பழைய கேஸ்கெட்டை (ஒழுகாமல் இருக்க ஃப்ளோட்டுக்கு அடியில் வைக்கும் வளையம்) ஒரு வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

குழாய்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். டீசல் வண்டியில் ஒரு குழாய் எஞ்சினுக்குப் போகும், அது ஃபீட் லைன், இன்னொன்று எஞ்சினிலிருந்து திரும்பி வரும். பம்ப்பிலும் இன்ஜெக்டரிலும் மிஞ்சும் டீசல் டேங்க்குக்குத் திரும்ப வேண்டும், அதற்குத்தான் ரிட்டர்ன் லைன். பெட்ரோல் கார்புரேட்டர் காலத்து டேங்க்குகளில் பலவற்றுக்கு இது கிடையாது. அந்த மாதிரி ஒற்றைக் குழாய் டேங்க்கை மாட்டிவிட்டு "ரிட்டர்னை ஒரு டீ ஜாயின்ட் போட்டு ஃபீட் லைன்லயே சேத்துடலாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சூடான, நுரை கலந்த டீசல் மறுபடி பம்ப்புக்கே போகும். வண்டி ஓடும், ஏர் பிடித்து நிற்கும், மறுபடி ஓடும். அந்த யோசனை சொன்னவர் அதற்குள் அடுத்த வண்டிக்குப் போயிருப்பார். மூன்றாவதாக வென்ட் குழாய், அல்லது மூடியிலேயே சின்ன வால்வு. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் டேங்க் தகடே உள்வாங்கும், எஞ்சினும் மூச்சு வாங்கும். பழைய வண்டியில் மூடி தொலைந்து வேறு வண்டியின் மூடியைப் போட்டிருந்தால் இதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சேஸிஸ் நம்பர். கடைக்காரர் வருஷம் கேட்டால் எல்லோரும் ஆர்.சி.யில் இருக்கும் பதிவு ஆண்டைச் சொல்வோம். மாமா 2009 என்று சொல்லிக்கொண்டிருந்தார். சேஸிஸில் பொறித்த நம்பரை, ஆர்.டி.ஓ.வுக்கு எடுப்பதுபோலத் தாளை ஒட்டிப் பென்சில் தேய்த்து எடுத்தோம். பதினேழு எழுத்து, 'எம்.ஏ.டி.' (MAT) என்று ஆரம்பித்தது, அது டாடா மோட்டார்ஸின் அடையாளம். பத்தாவது இடத்தில் ஆண்டுக் குறி. 2001 முதல் 2009 வரை 1 முதல் 9 வரை எண்கள், 2010-க்கு 'ஏ', அதற்குப் பின் எழுத்துகள். எங்களுடையதில் 8 இருந்தது. அதாவது வண்டி 2008-இல் செய்தது, நின்று விற்று 2009-இல் பதிவானது. ஒரு சின்னக் குறிப்பு, இந்த நம்பரில் ஆங்கில 'ஓ', 'ஐ', 'க்யூ' மூன்றும் வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம்தான். தேய்ந்துபோன நம்பரைப் படிக்கும்போது இது பெரிய உதவி.

ஓசூர் விஷயத்துக்கு வருகிறேன். 2005 ஏப்ரலில் பெங்களூரு, சென்னை உள்ளிட்ட 11 பெருநகரங்களுக்குப் பாரத் ஸ்டேஜ் 3 என்ற வண்டிப் புகை விதி வந்தது, மற்ற ஊர்களுக்குப் பாரத் ஸ்டேஜ் 2. நாடு முழுக்க 3 என்றாகவே 2010 ஆயிற்று. அதே ஆண்டு பெங்களூரு 4-க்குப் போய்விட்டது. ஆக, 2008-இல் டி.என். 70 பதிவில் ஓசூரில் ஓடிய 207-க்கும், நாற்பது கிலோமீட்டர் தள்ளி பெங்களூருவில் விற்ற 207-க்கும் விதி வேறு. விதி மாறினால் பம்ப், குழாய் வழி, ஃபில்டர் அமைப்பு மாற இடமுண்டு. டேங்க் மாறியே தீரும் என்பதில்லை. ஆனால் எங்கள் வண்டி இப்போது கே.ஏ. நம்பர் போட்டிருக்கிறதே என்று, அது பெங்களூருவில் பிறந்த வண்டி மாதிரி பாகம் கேட்பது சரியல்ல. வண்டிக்கு இப்போது எந்த ஊர் நம்பர் என்பது டேங்க்குக்குத் தெரியாது.

இதோடு மாடலின் வால் எழுத்துகள் வேறு. 207 டி.ஐ., அப்புறம் ஈ.எக்ஸ்., ஆர்.எக்ஸ். என்று போகும். சுமோ, ஸ்பேசியோ எல்லாம் தூரத்துச் சொந்தம். ஸ்பேசியோவில் 207-இன் மூன்று லிட்டர் டி.ஐ. எஞ்சின் வரிசையையே வைத்தார்கள். அதனால் எஞ்சின் பக்கத்துச் சாமான் நிறையப் பொருந்தும். அந்தப் பழக்கத்தில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று டேங்க்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். எஞ்சின் ஒன்றாக இருப்பதற்கும் டேங்க் ஒன்றாக இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? டேங்க் எஞ்சினில் மாட்டுவதில்லை, சேஸிஸில் மாட்டுவது.

இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டு, மடக்கிய கேஸ்கெட் தாளும் டேப்பும் பையில் வைத்து, சனிக்கிழமை காலை ஜே.சி. ரோட்டுக்குப் போனோம். முதல் கடையில் எடுத்துப் போட்ட டேங்க் பளபளவென்று கறுப்பாக, நாற்றமே இல்லாமல், ஆசையாக இருந்தது. டேப்பை வைத்தேன். பட்டை இடைவெளி சரி, கழுத்து எதிர்ப்பக்கம். "அது ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், ஹோஸ் போட்டு வளைச்சுக்கலாம்." வளைத்த ஹோஸில் டீசல் போட்டால் பங்க்கில் ஒவ்வொரு முறையும் நுரை பொங்கி, டீசல் ஊற்றும் துப்பாக்கி 'டக்' என்று நிற்கும். அடுத்த கடையில் எல்லாம் பொருந்தியது, ரிட்டர்ன் வாய் மட்டும் இல்லை. இன்னொரு கடையில் கனமான பெயின்ட்டுக்கு அடியில் பழைய பேட்ச்சின் விளிம்பு கைக்குத் தட்டுப்பட்டது. புதுசு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே தடவிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். கே.ஜி.எஃப்.காரர், பேச்சு குறைவு.

உள்சந்து ஒன்றில் ஒரு பெரியவர் மட்டும் டேங்க்கை எடுக்கவே இல்லை. "சேஸிஸ் நம்பர் தகொண்டு பன்னி" (எடுத்துக்கொண்டு வாருங்கள்) என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, எங்கள் தமிழைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். நம்பரைக் கொடுத்தோம். யாருக்கோ ஃபோன் செய்து பார்ட் நம்பர் வாங்கினார். அந்த நம்பர் இப்போது கிடையாது, அதற்குப் பதிலாக வேறொரு நம்பர் வந்திருக்கிறது என்றார். கம்பெனிச் சாமானில் இது சகஜம். பழைய நம்பரை நிறுத்திவிட்டு, அதற்கும் பொருந்தும் திருத்திய சாமானுக்குப் புது நம்பர் கொடுப்பார்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, பெரியவரே எனக்காக அதைக் கேட்டார். டேங்க் மட்டுமா, கூட என்னென்ன வரும்? பதில், டேங்க் மட்டும். ஃப்ளோட் தனி, மூடி தனி, பட்டை தனி. எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டபோது மாமா முகம் மாறியது. வர எத்தனை நாள் ஆகும் என்பதற்கும் உறுதியான பதில் இல்லை. வாடகை வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் கடைசியில், "அவசரம்னா குஜிரியில பாருங்க. ஒரே மாதிரி சேஸிஸ் கெடச்சா அது இதவிட நல்லாவே இருக்கும்" என்றார். விற்க வேண்டியவர் இப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது. வைப்பர் பிளேடு அங்கேயே வாங்கிக்கொண்டேன்.

குஜிரி என்பது பிரித்துப் போட்ட வண்டிகளின் பழைய சாமான் சந்தை. அங்கே போகும் முன் மாமாவுக்கு இன்னொரு யோசனை. கலாசிபாளையம் பக்கம் தெரிந்த பட்டறையில் தகடு வளைத்துப் புதிதாகவே செய்துவிடலாம், கொஞ்சம் பெரிதாகவும் செய்துகொள்ளலாம். எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூரில் டீசல் விலை அதிகம், இந்தப் பக்கமே நிறைய அடித்துக்கொண்டு போகலாமே என்பது அவர் கணக்கு. பட்டறைக்காரர் நல்ல வேலைக்காரர். "ஜி.ஐ. ஷீட்ல போட்டுத் தரேன், துருவே பிடிக்காது" என்றார். இந்த இடத்தில்தான் நான் மறித்தேன். ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய தகடு. தண்ணீர்த் தொட்டிக்கு அருமையானது, டீசலுக்கு ஆகாது. டீசலில் இருக்கும் அமிலக்கூறுகள் துத்தநாகத்தோடு சேர்ந்து ஒரு விதச் சோப்புப் படிவத்தை உண்டாக்கும், அது போய் ஃபில்டரையும் இன்ஜெக்டர் நுனியையும் அடைக்கும். செம்பும் அப்படித்தான், டீசலைச் சீக்கிரம் கெடுத்துவிடும். டேங்க்கை ஜி.ஐ.யில் செய்து, குழாயைச் செம்பில் போட்டு, வருஷம் முழுக்க ஃபில்டர் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் காரணம் தெரியாமல் பங்க்காரரைத் திட்டுகிறார்கள். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகட்டில், உள்ளே பூச்சு இல்லாமல் செய்யலாம். அலுமினியத்திலும் செய்யலாம், பெரிய லாரிகளில் பார்த்திருப்பீர்கள். ஆனால் உள்ளே தடுப்புத் தகடு வேண்டும். இல்லாவிட்டால் பாதி டேங்க் டீசல் பிரேக் அடிக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் அடித்து வெல்டிங் மூட்டைப் பிளக்கும். பெரிதாகச் செய்தால் ஒரு பக்கம் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இடிக்கும், இன்னொரு பக்கம் சைலன்ஸர் இடிக்கும். கம்பெனி வைத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அந்த டேங்க்குக்குக் கதை சொல்ல முடியுமா? எஃப்.சி. என்றதும் மாமா அமைதியாகிவிட்டார்.

சிவாஜி நகர் குஜிரியை முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அது குப்பை மாதிரி தெரியும். உண்மையில் பெங்களூருவிலேயே ஒழுங்கான கிடங்கு அதுதான் என்பது என் கட்சி. கதவு ஒரு சந்து, கியர் பாக்ஸ் ஒரு சந்து, யாரிடம் எது இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேச்சு உருது, மீதித் தமிழ். மாமாவுக்குத் தெரிந்த பாய் ஒருவரிடம் 207 இரண்டு பிரித்துப் போட்டது இருந்தது. "வண்டி நம்பர் என்னா, சேஸிஸ் என்னா?" என்று நாங்கள் கேட்டதும் சிரித்தார். "டேங்க் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" ஆனாலும் காகிதம் இருந்தது, எடுத்துக் காட்டினார். ஒன்று ஆர்.எக்ஸ்., வேண்டாம். இன்னொன்று டி.என். பதிவு, சேஸிஸில் பத்தாம் எழுத்து 7. எங்களுடையதற்கு ஒரு வருஷம் மூத்தது, பாரத் 2 காலத்துத் தமிழ்நாட்டு வண்டி. கேஸ்கெட் தாளை வைத்தேன், ஐந்து துளையும் அச்சாக உட்கார்ந்தது. பட்டைப் பள்ளம் சரி, கழுத்து சரி, ரிட்டர்ன் வாயும் இருந்தது.

பொருந்துவது பாதிதான், உள்ளே எப்படி இருக்கிறது என்பது மீதி. ஃப்ளோட் துளை வழியே சின்ன எல்.இ.டி. டார்ச்சை நூலில் கட்டி இறக்கினோம் (டீசல் ஆவி இருக்கும் இடம், தீப்பெட்டி வெளிச்சத்தில் பார்க்கிறவர்களையும் கண்டிருக்கிறேன்). காந்தத்தை நூலில் கட்டி அடியில் இழுத்தால் துருத்தூள் எவ்வளவு ஒட்டுகிறது என்று தெரியும். கொஞ்சம் ஒட்டினால் சரி, செதில் செதிலாக வந்தால் விட்டுவிட வேண்டும். டேங்க்கைத் தூக்கிக் குலுக்கும்போது உள்ளே 'கடகட' என்றால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது. அடித்தகட்டை அங்கங்கே தட்ட வேண்டும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். உள்ளே கறுப்பாக வழவழவென்று பாசி மாதிரிப் படிந்திருந்தால் அது தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் வளரும் நுண்ணுயிர். அரை டேங்க்கோடு நிற்கும் வண்டிகளில் இரவுக் குளிரில் தண்ணீர் வியர்த்துக் கீழே தங்கும், அங்கேதான் அது வாழும். கழுவினால் போகும், ஆனால் அதன் அமிலம் தகட்டை அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாய் டேங்க்கில் தூசியும் லேசான துருவும்தான். கம்பெனி விலையில் கால் பங்குக்கும் குறைவாகப் பேசி முடித்தார் மாமா. அந்தப் பேரத்தை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

ரேடியேட்டர் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்தோம். சோடா கலந்த வெந்நீர், உள்ளே ஒரு சங்கிலியைப் போட்டு உருட்டிக் குலுக்கல், அலசல், வெயிலில் உலர்த்தல், காய்ந்தவுடன் டீசல் ஊற்றி உள்தகடு முழுக்க நனைத்தல். காய்ந்த தகட்டை அப்படியே விட்டால் மறுநாளே மஞ்சள் பூத்துவிடும். ஒழுகல் சோதனைக்கு எல்லா வாயையும் அடைத்து, தண்ணீரில் முக்கி, மெல்லக் காற்று கொடுத்தார்கள். இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. போதும். டயருக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் டேங்க் பூரி மாதிரி உப்பிவிடும், பின் எந்த வண்டியிலும் உட்காராது.

ஃப்ளோட்டை மட்டும் பழையதையே வைத்தோம். டேங்க்கோடு வந்த ஃப்ளோட் வேலை செய்தது, ஆனால் டேஷ்போர்டில் இருக்கும் மீட்டர் எங்கள் ஃப்ளோட்டோடு பழகியது. ஃப்ளோட் என்பது ஒரு மின்தடை, கை மேலே போனால் ஓம் கணக்கில் ஓர் அளவு, கீழே வந்தால் வேறு அளவு. சில மீட்டர்கள் 10-இலிருந்து 180 ஓம் வரை எதிர்பார்க்கும், சில 240-இலிருந்து 33 வரை தலைகீழாக எதிர்பார்க்கும். மாறிப்போனால் டேங்க் நிறைந்திருக்கும்போது முள் காலியைக் காட்டும், தீரும்போது சந்தோஷமாக ஏறும். மல்ட்டிமீட்டர் வைத்து இரண்டு ஃப்ளோட்டையும் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் இரண்டு நிமிஷ வேலை. பெயின்ட் அடித்த டேங்க்கில் எர்த் வயர் மாட்டும் இடத்தைச் சுரண்டி வெறும் தகடு தெரிய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல ஃப்ளோட்டும் பொய் சொல்லும்.

மாட்டும் வேலை அரை நாள்கூட இல்லை. பட்டைக்கு அடியில் இந்த முறை சரியான கெட்டி ரப்பர், ஓரம் தூக்காமல் ஒட்டி. பட்டை நட்டை இறுக்குவதிலும் அளவு உண்டு, பலம் இருக்கிறது என்று இறுக்கினால் தகடு நசுங்கும். புது காப்பர் வாஷர், புது ஹோஸ், புது கிளிப், புது ஃபில்டர். கைப்பம்ப்பை அடித்து ஏர் எடுத்தபின் வண்டி கொஞ்சம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பழைய டேங்க் எவ்வளவு கழுவினாலும் முதல் சில நாள் தூள் விடும், அதனால் அந்த ஃபில்டரைச் சீக்கிரமே இன்னொரு தடவை மாற்றிவிடுங்கள். அந்த நூறு இருநூறு ரூபாயில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று மாமாவிடம் அண்ணன் கறாராகச் சொன்னார். மாற்றியபோது கிண்ணத்தில் இருந்த வண்டலைப் பார்த்ததும் மாமா மறுபேச்சு பேசவில்லை.

ஓட்டை டேங்க்கைப் பாய் எடைக்கு எடுத்துக்கொண்டார். நீங்களும் கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன் அதிலிருந்து மூடி, கழுத்துச் சல்லடை, டிரெயின் பிளக், பட்டை, பட்டை போல்ட் எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வாங்கப் போனால் இவைதான் கிடைக்காது.